வலி வந்தால் சொல்லணும்

"மூச்சை அடக்க வேணாம். வாயால விடுங்க" என்று தாதி சொன்னபோது விஜயலெட்சுமி ஏற்கெனவே மூச்சை அடக்கியிருந்தாள். தலைக்கு மேலே ஒரு மின்விசிறி ஓடாமல் நின்றது. அதன் ஓர் இறக்கையில் மட்டும் ஒட்டடை தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். டொக்டரின் கை உள்ளே குளிர்ந்த மருந்தை வைத்துவிட்டு வெளியே வந்தது.

"ஹரி" என்றார் டொக்டர், சிங்களத்தில் சரி என்பதாக. கையுறையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தாதி அவளுடைய உடுப்பை இழுத்து மூடினாள். சஜீவனி என்று பெயர். சிங்களப் பெண். ஹப்புத்தளையில் வேலை பார்த்தபோது தோட்டத்துச் சனங்களோடு பழகிய தமிழ் அவளிடம் இருந்தது.

"இப்ப மருந்து வச்சாச்சு. கொஞ்ச நேரம் படுங்க. பொறகு நடக்கலாம், சாப்பிடலாம். வலி வந்தா சொல்லணும்."

"சரிங்க மிஸ்."

"சின்ன வலின்னாலும் சொல்லணும். சும்மா இருக்கக் கூடாது."

"சரிங்க மிஸ்."

"பொறக்கிற நேரம் ஒரு பொம்பளைய துணைக்கு விடுவோம். உங்களுக்கு யாரு?"

"மாமி வருவாங்க" என்றாள் விஜயலெட்சுமி.

மாமி வரமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். மாமனார் பக்கவாதம் வந்து தோட்டத்து லய வீட்டில் படுத்த படுக்கை. அவருக்குத் தண்ணீர் கொடுக்கவும் புரட்டிப் போடவும் ஓர் ஆள் வேண்டும். நேற்று மாமி இராக்கம்மா கொஸ்லந்தையிலிருந்து அவளோடு பஸ் ஏறி, பண்டாரவளையில் மாறி, பதுளைக்குக் கொண்டுவந்து வார்டில் படுக்கவைத்துவிட்டு, ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் திரும்பிப் போயிருந்தாள்.

போகும்வரை மாமிக்கு இந்தப் பிரசவம் விளங்கவே இல்லை. விஜயலெட்சுமியின் இரத்தத்தில் சீனி இருப்பதாகக் கிளினிக்கில் கண்டுபிடித்திருந்தார்கள். பிள்ளை பெருத்துவிடும், நாள் முடியும்வரை வைத்திருக்கக் கூடாது, மருந்து வைத்து வலியை வரவழைக்க வேண்டும் என்றார்கள்.

"உள்ளங்கையில துளி சீனிய வச்சு நக்கிக்கிட்டே தேத்தண்ணி குடிக்கிறவ நீ. ஒனக்கு எங்கேருந்துடி சீனி வந்துச்சு?" என்று மாமி பஸ்ஸிலும் கேட்டாள். "வலிய யாராச்சும் வெத்தல பாக்கு வச்சு அழைப்பாங்களா? அது தானா வரணும்."

பிள்ளைக்கு என்று ஒரு சட்டைகூட வாங்கவில்லை. பிறக்காத பிள்ளைக்குத் துணி எடுத்து வீட்டில் வைக்கக் கூடாது. ஆனால் துணி கொண்டுவர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கடைசியில் மாமி தன் பழைய வெள்ளைச் சேலையை வெந்நீரில் அவித்து, காயவைத்து, நான்காகக் கிழித்தாள். "இது புதுசு இல்லல்ல. எடுத்துட்டுப் போ" என்றாள். அந்தத் துண்டுகள்தான் கட்டிலுக்கடியில் பையில் கிடந்தன.

புருஷன் ஜெயரூபன் கொழும்பில், புறக்கோட்டையில் அரிசி மூட்டை சுமக்கும் வேலையில் இருந்தான். காலையில் போனில் பேசினான். "இப்ப வந்தேன்னா புள்ள பொறந்ததும் வர முடியாது. மொதலாளி ரெண்டு தடவ விட மாட்டாரு. ஒனக்கு எப்ப நான் வேணும், நீயே சொல்லு." பொறந்ததும் வாங்க என்று சொல்லிவிட்டாள். சொன்னபிறகு, அவன் இன்னொரு தடவை கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. அவன் கேட்கவில்லை.

தலைப்பிரசவமாக இருந்தால் தாய் வீடு என்பார்கள். அவள் பிறந்த வீடு மீரியபெத்தையில் இருந்தது. மண்சரிவில் லயம் புதைந்த பிறகு அங்கே இப்போது புல். இது தலைப்பிரசவமும் இல்லை.

வலி வந்தபோது அது வலி மாதிரி இல்லை. யாரோ பின்னால் வந்து இடுப்பில் கை வைத்து மெல்ல அழுத்திவிட்டுப் போனமாதிரி இருந்தது. எழுந்து வராந்தாவுக்குப் போனாள். ஜன்னலுக்கு வெளியே டவுனின் தகரக் கூரைகள். அதற்கும் மேலே நமுனுகுல மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. மலையிலிருந்து வந்தவளுக்குப் பதுளை வெக்கையாக இருந்தது. கழுத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

கிளினிக்கில் மிட்வைஃப் அம்மா மூச்சு விடக் கற்றுக்கொடுத்திருந்தார். "சுடுதேத்தண்ணிய ஊதுவீங்கல்ல, அப்படி ஊதுங்க. வலிய எதுக்காதீங்க, போக விடுங்க." அப்போது எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். இப்போது ஊதினாள். அந்தக் கை மறுபடி இடுப்பில் விழுந்தது. ஊதினாள். கை எடுபட்டது.

தேயிலை மலையில் இதற்கு அவளிடம் வேறு ஒரு வழி இருந்தது. காய்ச்சலோ, காலில் அட்டையோ, இடுப்புப் பிடிப்போ எதுவானாலும் பறிக்கிற கையை நிறுத்துவதில்லை. இந்த நெரை முடியட்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். தேயிலைச் செடிகளுக்கிடையில் ஒருத்திக்கு விட்ட வரிசைதான் நெரை. அது முடிந்தால் அடுத்த நெரை. இப்படியே பதினைந்து வருடங்களுக்கு மேல் போய்விட்டன. இங்கே நெரை இல்லை. இந்த வராந்தா முடியட்டும் என்று சொல்லிக்கொண்டு நடந்தாள்.

திரும்பி வந்தபோது அடுத்த கட்டில்காரி எழுந்து உட்கார்ந்து ரஸ்க் தின்றுகொண்டிருந்தாள். ஸிஹாமா. பண்டாரவளையில் புருஷனுக்கு மரக்கறிக் கடை. நாள் தாண்டிப் போய்விட்டது என்று அவளுக்கும் காலையில் அதே மருந்து வைத்திருந்தார்கள்.

"நடந்து நடந்து ஊருக்கே போய்ட்டீங்களோன்னு பாத்தன்" என்றாள் ஸிஹாமா. "நோவு ஈக்குதா?" இருக்குதா என்பது அவள் வாயில் ஈக்குதா என்றுதான் வரும்.

"இல்ல. லேசா இழுக்குது."

"எனக்கும் இழுக்குது. மூணாவது இது. மொத ரெண்டுக்கும் நான் போட்ட சத்தத்துல நர்ஸ்மார் காத அடச்சிக்கிட்டாங்க. நீங்க பாத்தீங்கன்னா பயந்துருவீங்க, சொல்லிட்டன்." ரஸ்க் பையை நீட்டினாள். "எடுங்க."

"சீனின்னு சாப்பிட வேணாம்னாங்க."

"அப்ப பாத்துக்கிட்டு ஈங்க. பாக்கிறதுக்குச் சீனி ஏறாது."

விஜயலெட்சுமி சிரித்தாள். சிரிக்கும்போதே கை வந்து இடுப்பைப் பிடித்தது. இந்தத் தடவை முன்னால் வரைக்கும் வந்தது. திரும்பிப் படுத்துச் சுவரைப் பார்த்து ஊதினாள்.

சஜீவனி வந்து வயிற்றில் ஒரு கருவியை வைத்தாள். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு ஓடுகிற குதிரையின் சத்தமாக வந்தது. "நல்லா ஈக்கி" என்று ஸிஹாமாவைப்போலப் பேசிக் காட்டிவிட்டு அவளே சிரித்தாள். "வலி?"

"இல்ல மிஸ். சும்மா இழுக்குது."

"சரி. வலி வந்தா சொல்லணும்" என்று அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

பகல் நோயாளர் பார்க்கும் நேரத்துக்கு மணி அடித்ததும் வார்டு நிறைந்தது. சோற்றுப் பொதிகளும் பிளாஸ்க்குகளும் உள்ளே வந்தன. ஸிஹாமாவின் உம்மா வந்தார். புருஷன் ஜௌபர் வந்து கால்மாட்டில் கைகட்டி நின்றான். ஸிஹாமா அவனைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைச் சுழித்தாள். அவன் சிரித்துக்கொண்டே நின்றான்.

விஜயலெட்சுமியின் கட்டிலுக்கு யாரும் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். வலி இப்போது கை அல்ல. முதுகிலிருந்து ஒரு கயிறு கட்டி வயிற்றைச் சுற்றி இறுக்கினார்கள். இறுக்கியவர்கள் சீக்கிரம் விடவும் இல்லை, விட்டபிறகு நெடுநேரம் போகவும் இல்லை. போர்வையின் நுனியைப் பல்லில் வைத்துக் கடித்தாள். இத்தனை ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் எப்படிக் கத்துவது?

"மகள், நோகுதா?" ஸிஹாமாவின் உம்மா நெற்றியில் கை வைத்தார். எடுத்த கை ஈரமாக இருந்தது.

"இல்லம்மா. சும்மா."

"இப்படி வேர்த்திருக்கே."

"எனக்கு இந்த ஊரு வெக்கை ஒத்துக்காது."

மணி அடித்தது. வந்தவர்கள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஸிஹாமா கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள். சொன்னமாதிரியே பெரிய சத்தம். இரண்டு பேர் ஓடிவந்து அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். துணைக்கு நின்றுகொண்ட உம்மாவும் பின்னாலேயே போனார். கட்டிலில் ரஸ்க் தூள் கிடந்தது.

அடுத்து சஜீவனி குதிரைக் கருவியோடு வருவாள். அந்தச் சுற்றில் சொல்லிக்கொள்ளலாம். ஒரு தடவை வருவதற்கு இவ்வளவு நேரம் எடுக்கிறாள், அப்படியானால் இனி வருகிற நேரம்தான் என்று விஜயலெட்சுமி கணக்குப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். முன்பும் ஒரு தடவை அவள் இப்படிக் கணக்குப் பார்த்திருக்கிறாள்.

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் அவள் மலையில்தான் நின்றாள். ஒருநாள் கொழுந்து பறிக்கும்போது வலித்தது. கத்தினாள். அந்தத் தோட்டத்துக்கு வந்துபோகிற வண்டி என்றால் கொழுந்து லொறி ஒன்றுதான். வீரய்யா கங்காணி ஓடிப்போய் ரோட்டில் மறித்தார். ஏற்றியிருந்த கொழுந்துச் சாக்குகளை இறக்கிப் போட்டுவிட்டு அவளை ஏற்றி அனுப்பினார்கள். கொஸ்லந்தை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு இது சூட்டு வலி, பிரசவ வலி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ரோட்டோரம் கிடந்த கொழுந்து வெயிலில் வெந்துபோயிற்று. ஃபெக்டரியில் எடுக்க மாட்டோம் என்றார்கள். அது முழுக் கும்பலின் ஒருநாள் கொழுந்து.

அடுத்த கிழமை மறுபடி வலித்தது. மறுபடி லொறி. மறுபடி சூட்டு வலி. அன்றைக்கும் சாக்குகள் ரோட்டில் கிடந்தன. பொம்பளைகள் யாரும் திட்டவில்லை. "பாத்துடி, லொறிக்காரனுக்கு ஒன்னைய ஏத்தி ஏத்தியே பழகிப்போச்சு" என்று ஒருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். வீரய்யா கங்காணிதான் மறுநாள் காலைப் பெரட்டில், பெயர் கூப்பிடும் இடத்தில், எல்லோர் முன்னாலும் கேட்டார். "என்னாத்தா, கெழமைக்கு ஒருக்கா டவுனு பாக்கணுமா? சொல்லிட்டின்னா ஒனக்குன்னு தனியா ஒரு லொறி போட்டுருவோம்."

மூன்றாவது தடவை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பின்னேரம் கொழுந்து எடை போட்டதும் லொறி எப்படியும் வரும். அப்போது முன் சீட்டில் ஏறிக்கொண்டால் யாருடைய கொழுந்தையும் இறக்க வேண்டாம். அதுவரை பறித்தாள். இந்த நெரை முடியட்டும், இந்த நெரை முடியட்டும் என்று பறித்தாள். லொறி வந்ததும் தன் காலாலேயே இறங்கிப்போய் ஏறினாள். ஆஸ்பத்திரியில் வயிற்றில் துடிப்புக் கேட்கும் குழாயை வைத்தவர் அதை எடுக்காமல் ஒரே இடத்தில் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

ஆண் பிள்ளை. உயிர் இல்லாமல் பிறந்தது. யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. லொறியைப் பற்றியும் அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. ஜெயரூபன் அந்த வருடம்தான் கொழும்புக்குப் போனான்.

வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். ஆட்கள் வந்துபோன நேரத்துக்குப் பிறகு பிள்ளை உதைத்ததா என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. கயிறு இறுகியது. விட்டது. விட்ட இடைவெளியில் காத்திருந்தாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

எழுந்து வார்டின் கோடியில் இருந்த மேசைக்குப் போனாள். சஜீவனி போனில் யாரிடமோ மருந்துப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். முன்னால் ஒரு கர்ப்பிணி எதையோ கேட்க நின்றாள். விஜயலெட்சுமி அவளுக்குப் பின்னால், கொழுந்து நிறுக்க நிற்பதுபோல நின்றாள். முன்னால் நின்றவள் போனதும் சஜீவனி போனைக் காதில் வைத்துக்கொண்டே புருவத்தால் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல மிஸ். தண்ணி குடிக்க வந்தேன்."

குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். திரும்பி நடந்தாள். நாலாவது கட்டிலுக்கு வந்தபோது கயிறு இறுகிற்று, அதோடு காலுக்கிடையில் சூடாக ஏதோ வழிந்தது. யாருடையதோ கட்டில் கம்பியைப் பிடித்தாள். ஊதிப் பார்த்தாள். ஊத மூச்சு இல்லை.

"மிஸ்" என்றாள். சத்தம் வெளியே வரவில்லை. மறுபடி வாயைத் திறந்தபோது வந்த குரலை அவளே இதற்கு முன் கேட்டதில்லை.

"மிஸ்! வலிக்குது! காலையிலேருந்தே வலிக்குது! புள்ள அசையல மிஸ்! யாராச்சும் வாங்களேன்!"

வார்டு முழுக்கத் திரும்பியது. யாரும் சிரிக்கவில்லை. சஜீவனி போனை மேசையில் போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுபோனது. யாருடையதோ அந்தக் கட்டிலிலேயே அவளைப் படுக்கவைத்து வயிற்றில் கருவியை வைத்தாள். கரகரவென்ற இரைச்சல் மட்டும் வந்தது. இடத்தை மாற்றினாள். இரைச்சல். இன்னும் கீழே அழுத்தினாள்.

விஜயலெட்சுமி அந்தக் கையை, நகர முடியாதபடி பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க, விடுங்க. விட்டாத்தான் தேடலாம்."

விட்டாள். குதிரை வந்தது. முன்பு ஓடியமாதிரி ஓடவில்லை. கொஞ்சம் ஓடியது, களைத்தது, மறுபடி ஓடியது.

"ஈக்கி. புள்ள ஈக்கி" என்றாள் சஜீவனி. தலையைத் திருப்பிச் சிங்களத்தில் உரக்கக் கத்தினாள். தள்ளுவண்டி வந்தது. ஏற்றும்போது கேட்டாள். "எத்தன தடவ கேட்டேன்? ஏன் சொல்லல?"

"சூட்டு வலியா இருந்துருமோன்னு பயந்தேன் மிஸ்."

"இருந்தா இருக்கட்டும். அதப் பாக்கத்தானே நாங்க சம்பளம் வாங்குறோம்? நீங்களே பாத்தா நாங்க எதுக்கு?"

பிரசவ அறையில் திரைக்கு அப்பால் ஸிஹாமாவின் குரல் கேட்டது. "ஜௌபர், இனி என்ட பக்கம் வந்து பாரு! ஒன்ன மரக்கறியோட சேத்து வித்துருவன்!" உம்மா ஏதோ ஓதிக்கொண்டே "மெதுவா, மெதுவா மகள்" என்றார். விஜயலெட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே கத்தலாக மாறியது.

டொக்டர் பார்த்தார். கருப்பை வாய் முழுக்கத் திறந்துவிட்டது என்றார்.

"மாமி எங்க? வெளிய நிக்கிறாங்களா? கூப்பிடவா?" சஜீவனி கேட்டாள்.

"வரமாட்டாங்க. எனக்கு யாரும் இல்ல மிஸ்."

சஜீவனி ஒருகணம் அவளைப் பார்த்தாள். அவளுக்கு அங்கே நிற்க நேரமில்லை. மருந்து எடுக்க வேண்டியிருந்தது. "சரி. இந்தக் கம்பியப் புடிங்க. நல்லாக் கத்துங்க" என்று கையை எடுத்துக் கட்டில் கம்பியில் வைத்துவிட்டுப் போனாள்.

கம்பி குளிர்ச்சியாக இருந்தது. கத்தினாள். அம்மா என்று கத்தினாள். ஜெயரூபன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். பெயரே இல்லாமல் போன ஒரு பிள்ளையை "ராசா, ராசா" என்று கூப்பிட்டுக் கத்தினாள். முக்குங்க என்றார்கள், முக்கினாள். நிறுத்துங்க என்றார்கள். நிறுத்த முடியவில்லை. ஏதோ கிழிந்தது. பிறகு வயிறு வெறுமையாயிற்று.

அழுகை வரவில்லை.

யாரோ துணியால் தேய்க்கும் சத்தம் கேட்டது. தலையை உயர்த்தப் பார்த்தாள், தாதிகளின் தோள்கள்தான் தெரிந்தன. கம்பியை இன்னும் விடவில்லை. தேய்க்கும் சத்தம் நின்றது. மறுபடி தொடங்கியது. பிறகு இருமல்போல ஒன்று. அதன் பின்னால் கோபமான, கிறீச்சென்ற ஓர் அழுகை. அது நிற்காமல் நீண்டுகொண்டே போனது.

"பொம்பளப் புள்ள" என்றாள் சஜீவனி. "பாருங்க. எப்படிக் கத்துது."

முகத்தருகே கொண்டுவந்து காட்டினாள். பெரிய பிள்ளை. நெற்றி நசுங்கியிருந்தது. கருகருவென்று முடி. விஜயலெட்சுமி தொடுவதற்குள், தாய்க்குச் சீனி இருந்ததால் பிள்ளைக்குச் சீனி குறையும், பார்க்க வேண்டும் என்று குழந்தைகள் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். வார்டுப் பையிலிருந்து யாரோ எடுத்துவந்த, மாமி கிழித்துக் கொடுத்த சேலைத் துண்டு ஒன்றில் சுற்றியிருந்தார்கள். கதவு மூடிய பிறகும் அழுகை கொஞ்சத் தூரம் கேட்டது. தையல் போடும்போது அதைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

மறுநாள் காலையில் பாணும் பருப்பும் தந்தார்கள். சாப்பிட்டாள். பிள்ளையின் குதிகாலில் ஊசி குத்திச் சீனி பார்த்ததாகவும், இரவில் குறைந்தது இப்போது ஏறியிருப்பதாகவும் சொன்னார்கள். நடந்துபோய்ப் பால் கொடுத்தாள். முதலில் குடிக்கவில்லை, பிறகு கொஞ்சம் குடித்தது. ஸிஹாமாவுக்கு ஆண் பிள்ளை. அவளை வேறு வார்டில் போட்டிருந்தார்கள். ஜெயரூபனுக்குப் போன் எடுத்தாள். சனிக்கிழமை வருவதாகச் சொன்னான். பிள்ளை யார் சாயல் என்று கேட்டான். இன்னும் தெரியவில்லை என்றாள். பக்கத்து லயத்துப் போனுக்கு எடுத்து மாமிக்கு விஷயம் சொன்னாள். சஜீவனிக்கு அன்று லீவு. பார்க்கும் நேரத்துக்கு மணி அடித்து ஆட்கள் வந்தார்கள், போனார்கள். பின்னேரம் மழை பெய்தது. பால் கொடுக்க மறுபடி கூப்பிட்டார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள்.